மேலவையின் 70 இடங்கள்: செனட்டர்கள் எப்படி வருகிறார்கள்? நமக்கு அதில் என்ன?

பொதுத்தேர்தல் வந்தால் தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் நாம் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறோம். அந்த ஓட்டு மக்களவைக்கு, அதாவது டேவான் ரக்யாட்டுக்கு, 222 பேரை அனுப்புகிறது. அதே நாடாளுமன்றத்தில் இன்னோர் அவையும் உண்டு. டேவான் நெகாரா எனப்படும் மேலவை அது. அங்கே 70 இடங்கள். அவற்றில் ஒன்றுக்குக்கூட நாம் நேரடியாக ஓட்டுப் போட்டதில்லை.

ஆனாலும் 'செனட்டர் நியமனம்' என்று ஒரு செய்தி வந்தால் நம் சமுதாயத்தில் உடனே பேச்சு கிளம்பிவிடும். யாருக்குக் கிடைத்தது, எந்தக் கட்சிக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்று நாள்கணக்கில் விவாதிப்போம். அந்தப் பதவி எந்த வழியாக வருகிறது, அதற்கு என்ன அதிகாரம் உண்டு, யாருக்குப் பதில் சொல்ல வேண்டியது என்பதைப் பற்றிப் பேசுவது குறைவு. அந்த விவரங்களை இங்கே பார்ப்போம்.

70 பேர், இரண்டு வாசல்கள்

மேலவையின் அமைப்பைக் கூட்டரசு அரசியலமைப்பின் 45ஆவது பிரிவு வகுக்கிறது. உள்ளே நுழைய இரண்டு வாசல்கள் உண்டு.

முதல் வாசல் மாநிலங்களுடையது. 13 மாநிலங்களின் சட்டமன்றங்களும் தலா இருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகின்றன. மொத்தம் 26 பேர். பெர்லிஸ் போன்ற சிறிய மாநிலமானாலும் சிலாங்கூர் போன்ற பெரிய மாநிலமானாலும் கணக்கு ஒன்றுதான்.

இரண்டாவது வாசல் மாமன்னரின் நியமனம். இதில் 44 பேர். கோலாலம்பூருக்கு இருவர், லாபுவானுக்கு ஒருவர், புத்ராஜெயாவுக்கு ஒருவர். இந்தக் கூட்டரசு பிரதேசங்களுக்குச் சட்டமன்றம் இல்லாததால் அவற்றின் செனட்டர்களை மாமன்னர் நியமிக்கிறார். எஞ்சிய 40 பேர் நாடு முழுவதற்குமான நியமன உறுப்பினர்கள். மாமன்னர் அரசாங்கத்தின் ஆலோசனைப்படி செயல்படுவதால், நடைமுறையில் இந்தப் பெயர்களைப் பிரதமர் தரப்பு முன்மொழிகிறது.

செனட்டராக வருபவர் நாட்டில் வசிக்கும் குடிமகனாக இருக்க வேண்டும். 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். மக்களவைக்குப் போட்டியிடும் வயது 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 18 ஆகக் குறைந்தது. மேலவையில் அந்த 30 அப்படியே நிற்கிறது. திவாலானவர்கள், ஓராண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனையோ 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ பெற்று மன்னிப்புப் பெறாதவர்கள், அரசு ஊழியம் போன்ற ஊதியப் பதவியில் இருப்பவர்கள் ஆகியோருக்குத் தகுதியில்லை. ஒருவரே இரு அவைகளிலும் உறுப்பினராக இருக்கவும் முடியாது.

தவணை மூன்று ஆண்டுகள். ஒருவர் வாழ்நாளில் இரண்டு தவணைகள்தாம் இருக்கலாம். அவை அடுத்தடுத்து வந்தாலும் இடைவெளி விட்டு வந்தாலும் கணக்கு இரண்டுதான். முன்பு ஒரு தவணை ஆறு ஆண்டுகளாக இருந்தது. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டால் மக்களவை உறுப்பினர்கள் பதவி இழப்பார்கள். செனட்டர்கள் இழக்க மாட்டார்கள். ஒவ்வொருவரின் தவணையும் அவரவர் பதவியேற்ற நாளிலிருந்து தனித்தனியாக ஓடும். அவையின் அனுமதியின்றி ஆறு மாதம் எந்தக் கூட்டத்துக்கும் வராதவரின் இடம் காலியானதாக மேலவை அறிவிக்கலாம்.

மாதப்படி 2015 முதல் 11,000 ரிங்கிட். மக்களவை உறுப்பினருக்கு 16,000 ரிங்கிட். இரண்டுமே நம் வரிப்பணம்தான்.

சட்டமன்றத்தில் நடக்கும் தேர்தல்

மாநிலத்தின் இரண்டு செனட்டர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை சொல்கிறது. இடம் காலியானதும் மாமன்னரின் அறிவிப்பு மாநில சுல்தானுக்கோ ஆளுநருக்கோ போகும். அவர் சட்டமன்றத்தைத் தேர்தல் நடத்தச் சொல்வார். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பெயரை முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய வேண்டும். பதவியை ஏற்கச் சம்மதம் என்று வேட்பாளர் கையொப்பமிட்ட கடிதமும் வேண்டும். எத்தனை இடங்கள் காலியோ அத்தனை பேருக்கு ஒவ்வோர் உறுப்பினரும் வாக்களிக்கலாம். சம வாக்குகள் விழுந்தால் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, இது ரகசிய வாக்கெடுப்பு அல்ல. எந்தச் சட்டமன்ற உறுப்பினர் யாருக்கு வாக்களித்தார் என்பது பெயரோடு பதிவாகும். உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் யாரை ஆதரித்தார் என்று கேட்பது உங்கள் உரிமை. இரண்டாவது, காலியிடம் இரண்டு என்றால் ஆளுக்கு இரண்டு வாக்கு. ஆகவே பெரும்பான்மை உள்ள தரப்பே இரண்டையும் எடுத்துக்கொள்ள முடியும். ஆளுங்கூட்டணிக்குள் பேசி முடித்த பெயர்களே பெரும்பாலும் அவைக்கு வருகின்றன.

இந்த வழியாக நம்மவர்களும் மேலவைக்குப் போயிருக்கிறார்கள். பினாங்கு சட்டமன்றம் அனுப்பிய டாக்டர் ஆர்.ஏ. லிங்கேஸ்வரன் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

நியமனத்துக்கான தகுதிகளும் ஒரு முக்கியமான சொற்றொடரும்

மாமன்னர் நியமிக்கும் உறுப்பினர்கள் எப்படிப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்பதையும் 45ஆவது பிரிவு சொல்கிறது. பொதுச் சேவையில் சிறந்தவர்கள். தொழில்முறை, வாணிபம், தொழில்துறை, விவசாயம், பண்பாடு, சமூகசேவை ஆகியவற்றில் பெயர் பெற்றவர்கள். சிறுபான்மை இனங்களைப் பிரதிநிதிப்பவர்கள். பூர்வகுடி மக்களின் நலனைப் பேச வல்லவர்கள்.

'சிறுபான்மை இனங்களைப் பிரதிநிதிப்பவர்கள்' என்ற அந்தச் சொற்றொடர் நமக்கு முக்கியம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர்கள் 6.7 விழுக்காடு. நாட்டின் 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துப் புறநகர்களுக்கு இடம் மாறியபோது, ஓரிடத்தில் திரண்டிருந்த வாக்குகளும் சிதறின. நம்மவர் ஒருவர் மக்களவைக்குப் போக வேண்டுமென்றால் மற்ற இனத்தாரின் வாக்குகளும் வேண்டும். கட்சித் தலைமை வெல்லக்கூடிய தொகுதியைக் கொடுக்கவும் வேண்டும். இப்படிப்பட்ட நிலையில் இருக்கும் சமுதாயத்தின் குரலும் நாடாளுமன்றத்தில் ஒலிக்கட்டும் என்பதற்காகவே மேலவையில் இந்த வழி வைக்கப்பட்டது.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இத்தனை இடங்கள் இந்தியர்களுக்கு என்று எந்த எண்ணிக்கையும் சட்டத்தில் இல்லை. தகுதிப் பட்டியலில் நாம் இருக்கிறோம், ஒதுக்கீட்டில் இல்லை. ஆகவே எத்தனை பேர் வருவார்கள் என்பது அந்தந்தக் காலத்து அரசாங்கத்தின் மனத்தைப் பொறுத்தது.

நம்மவர்கள் அங்கே செய்தவை

மேலவை வெறும் அலங்காரம் என்று சொல்பவர்கள் உண்டு. வரலாறு முழுதும் அப்படிச் சொல்லவில்லை.

1965இல் நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டபோது, அதற்குத் தலைமை ஏற்றவர் செனட்டர் டத்தோ ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்கள் தொடர வேண்டும் என்பதே அந்த ஆணையத்தின் பரிந்துரை. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தோடு நியமன மன்றங்களே நிலைத்துவிட்டன. இன்றும் நகராட்சித் தேர்தல் வேண்டும் என்று யார் பேசினாலும் ஆதி நாகப்பன் அறிக்கையைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அவருடைய துணைவியார் ஜானகி ஆதி நாகப்பன், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் ஜான்சி ராணிப் படையில் பணியாற்றியவர். பின்னாளில் அவரும் செனட்டரானார்.

மேலவைத் தலைவரை அந்த அவையே தன் உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்கிறது. அந்த நாற்காலியில் நம்மவர்களும் அமர்ந்திருக்கிறார்கள். 1990களின் முற்பகுதியில் டான்ஸ்ரீ கோ. வடிவேலு, 2016 முதல் 2020 வரை டான்ஸ்ரீ எஸ்.ஏ. விக்னேஸ்வரன் ஆகியோர் அந்தப் பொறுப்பை வகித்தனர்.

அமைச்சரவைக்குப் போகும் பாதையும் மேலவை வழியாக உண்டு. பிரதமர் மக்களவை உறுப்பினராகத்தான் இருக்க வேண்டும். மற்ற அமைச்சர்களும் துணையமைச்சர்களும் ஏதாவது ஓர் அவையில் இருந்தால் போதும். பி. வேதமூர்த்தி 2013இல் செனட்டராகித் துணையமைச்சரானார். 2018இல் மீண்டும் செனட்டராகி அமைச்சரானார். 2022 இறுதியில் செனட்டரான சரஸ்வதி கந்தசாமியும் துணையமைச்சர் பொறுப்பேற்றார். பொதுத்தேர்தலில் நிற்காத ஒருவரை அரசாங்கத்துக்குள் கொண்டுவர இது வசதியான வழி. ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு தொகுதி இல்லை. இரண்டு தவணைக்கு மேல் நீடிக்கவும் முடியாது.

எதைத் தடுக்கலாம், எதைத் தடுக்க முடியாது?

மேலவையின் அதிகாரத்தை மூன்றாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம்.

வரி, செலவு தொடர்பான நிதி மசோதாக்கள்: இவற்றை மேலவையில் தொடங்க முடியாது. மக்களவை அனுப்பிய நிதி மசோதாவை மேலவை ஒரு மாதத்துக்குள் மாற்றமின்றி நிறைவேற்றாவிட்டால், அது மேலவையைத் தாண்டி மாமன்னரின் ஒப்புதலுக்குப் போய்விடும்.

சாதாரண மசோதாக்கள்: இவற்றை மேலவை நிராகரிக்கலாம். ஆனால் ஓராண்டு இடைவெளிக்குப் பின் மக்களவை அதே மசோதாவை மீண்டும் நிறைவேற்றினால், மேலவை இரண்டாம் முறை மறுத்தாலும் அது சட்டமாகும். அதாவது ஓராண்டு தாமதப்படுத்தலாம். முற்றாக நிறுத்த முடியாது.

இது ஏட்டளவில் நிற்கும் விதி அல்ல. 2018 மே 9 பொதுத்தேர்தலில் ஆட்சி மாறியது. அதற்குச் சற்று முன் இயற்றப்பட்ட போலிச் செய்தி எதிர்ப்புச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதாவைப் புதிய மக்களவை அதே ஆண்டு ஆகஸ்டு 16இல் நிறைவேற்றியது. செனட்டர்களின் தவணை தேர்தலோடு முடியாததால், மேலவையில் பழைய அரசாங்கக் காலத்து உறுப்பினர்களே அப்போதும் அதிகம். செப்டம்பர் 12ஆம் தேதி 28க்கு 21 என்ற வாக்குக் கணக்கில் மசோதா அங்கே தோற்றது. ஓராண்டு கடந்த பின், 2019 அக்டோபரில் மக்களவை அதை மீண்டும் நிறைவேற்ற, டிசம்பரில் மேலவையும் ஏற்றுக்கொண்டது.

அரசியலமைப்புத் திருத்தங்கள்: இங்கேதான் மேலவையின் உண்மையான பலம் இருக்கிறது. திருத்தங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஓராண்டு காத்திருந்து மேலவையைத் தாண்டிப் போகும் வழி இதற்குப் பொருந்தாது. 70இல் மூன்றில் இரண்டு என்றால் 47 பேர். 24 பேர் ஆதரிக்க மறுத்தால் திருத்தம் நின்றுவிடும்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு குடியுரிமைத் திருத்தம். 2024 இறுதியில் இரு அவைகளும் நிறைவேற்றிய அந்தத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்கள் தங்கள் குடியுரிமையைப் பிள்ளைக்குத் தர வழிசெய்தது. அதே திருத்தம், சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகள் சட்டப்படி தாமாகவே குடிமக்களாகும் வழியை எடுத்துவிட்டது. தலைமுறைகளாகத் தோட்டத்தில் வாழ்ந்தும் நீல அட்டை கிடைக்காத குடும்பங்களை அறிந்தவர்களுக்கு அதன் கனம் புரியும். அந்த வாக்கெடுப்பில் மேலவையின் ஒப்புதலும் தேவைப்பட்டது. அன்று அங்கே அமர்ந்திருந்த ஒவ்வொரு செனட்டரின் வாக்குக்கும் மதிப்பு இருந்தது.

மாநிலங்களின் அவை எப்படி மாறியது?

சுதந்திரத்தின்போது மேலவையில் 38 இடங்கள் வகுக்கப்பட்டன. 11 மாநிலங்கள் அனுப்புவோர் 22, நியமனம் பெறுவோர் 16. அதன் முதல் கூட்டம் 1959 செப்டம்பர் 11இல் நடந்தது. மாநிலங்களின் நலனைக் காக்கும் அவையாக அது இருக்க வேண்டும் என்பதே எண்ணம். ஆகவே மாநிலங்கள் தேர்ந்தெடுத்தவர்களே பெரும்பான்மையாக இருந்தார்கள்.

1963இல் சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்தபோது மாநில இடங்கள் 28 ஆயின. நியமன இடங்கள் 22 ஆக உயர்ந்தன. அடுத்த ஆண்டே நியமன இடங்கள் 32 ஆக்கப்பட்டன. அத்தோடு மாநிலங்களின் பெரும்பான்மை போயிற்று. 1965இல் சிங்கப்பூர் பிரிந்ததும் மாநில இடங்கள் 26க்கு இறங்கின. 1978இல் நியமன இடங்கள் 40 ஆயின. பின்னர் கூட்டரசு பிரதேசங்களின் நான்கும் சேர்ந்து 44 ஆகிவிட்டன. 38இல் 22 ஆக இருந்த மாநிலங்களின் பங்கு இன்று 70இல் 26.

ஆனாலும் கணக்கைப் பார்த்தால் ஒன்று தெரியும். நியமன உறுப்பினர்கள் 44 பேரும் ஒன்றாக நின்றாலும் 47 ஆகாது. மாநிலங்களின் 26 பேரும் ஒன்றாக நின்றால் 24ஐத் தாண்டும். ஆகவே எந்த அரசியலமைப்புத் திருத்தத்துக்கும் மாநிலங்கள் அனுப்பிய மூவராவது தேவை.

நேரடித் தேர்தல் வந்தால் நமக்கு நல்லதா?

45ஆவது பிரிவின் கடைசிப் பகுதியில் இதுவரை பயன்படுத்தப்படாத ஏற்பாடு ஒன்று இருக்கிறது. நாடாளுமன்றம் விரும்பினால் சட்டம் இயற்றி, மாநிலத்துக்கு இருவர் என்பதை மூவர் ஆக்கலாம். மாநில செனட்டர்களை வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கச் செய்யலாம். நியமன உறுப்பினர்களைக் குறைக்கலாம், அடியோடு நீக்கவும் செய்யலாம். இந்த வாசலைத் திறக்கும் சாவியை அரசியலமைப்பே தந்திருக்கிறது.

மக்களாட்சி என்ற முறையில் இது நல்ல யோசனைதான். மக்கள் தேர்ந்தெடுத்த செனட்டருக்குப் பேச்சில் பலம் இருக்கும். ஆனால் நம் சமுதாயம் இதை ஆழமாக யோசிக்க வேண்டும். ஒரு மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாகி, அதிக வாக்குப் பெறும் இருவரோ மூவரோ வெல்வார்கள் என்றால், எந்த மாநிலத்திலும் பெரும்பான்மை இல்லாத நமக்கு அதில் இடம் கிடைப்பது கடினம். நியமன இடங்களும் கூடவே நீக்கப்பட்டால் இருக்கிற வாசலும் அடைபடும்.

அதற்காக இன்றைய முறை நம்மைக் காக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. நியமனம் பெற்றவரின் பதவியும் மறுநியமனமும் அரசாங்கத்தின் கையில் இருக்கின்றன. தன்னை நியமித்தவர்களிடம் அவர் எவ்வளவு உரக்கக் கேள்வி கேட்பார்? சமுதாயத்தின் பெயரால் கிடைத்த இடம் கட்சிக்காரருக்குத் தரும் ஆறுதல் பரிசாக மாறிவிட்டால், 'சிறுபான்மை இனங்களைப் பிரதிநிதிப்பவர்கள்' என்ற சொற்றொடருக்குப் பொருளே இல்லாமல் போகும்.

இரண்டுக்கும் நடுவில் வழி உண்டு. மாநில இடங்களை மூன்றாக்கி நேரடித் தேர்தலுக்கு விடலாம். நியமன இடங்களைக் குறைத்தாலும் சிறுபான்மையினருக்கும் பூர்வகுடிகளுக்கும் உரியவற்றை எண்ணிக்கையோடு உறுதி செய்யலாம். மேலவைச் சீர்திருத்தம் பற்றிப் பேச்சு எழும்போது நம் அமைப்புகள் முன்வைக்க வேண்டிய கோரிக்கை இதுதான். 'எங்களுக்கு இன்னொரு செனட்டர் கொடுங்கள்' என்று ஒவ்வொரு முறையும் கேட்பதைவிட, சட்டத்தில் எண் எழுதப்படுவது நிலையானது.

வாசகர்கள் செய்யக்கூடியவை

சட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு செனட்டரைச் சந்திக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்கலாம்.

நீங்கள் எந்த வாசல் வழியாக வந்தீர்கள்? மாநிலச் சட்டமன்றம் அனுப்பியவர் என்றால் அந்த மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி நிலம், தோட்ட வீடுகள், கோயில் மனை போன்ற பிரச்சினைகளை அவரிடம் கொண்டுபோகலாம். நியமனம் பெற்றவர் என்றால் நாடு தழுவிய பிரச்சினைகளை எழுப்பச் சொல்லலாம்.

உங்கள் தவணை எப்போது முடிகிறது? இது முதல் தவணையா, கடைசித் தவணையா? மூன்று ஆண்டு என்பது சீக்கிரம் கடந்துவிடும். கடைசித் தவணையில் இருப்பவருக்கு மறுநியமனத்தைப் பற்றிய கவலை இல்லை. துணிந்து பேச அவருக்குத் தடையும் இல்லை.

இந்தக் கூட்டத்தொடரில் என்ன கேட்டீர்கள்? செனட்டர்கள் அமைச்சர்களிடம் கேள்வி எழுப்பலாம். பதில் அவையில் பதிவாகும். அவையில் பேசப்படுவது அனைத்தும் ஹன்சார்ட் என்னும் அதிகாரபூர்வ அறிக்கையில் வெளியாகிறது. நாடாளுமன்ற இணையத்தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். மலாய் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். ஒரு செனட்டரின் பெயரைத் தேடி, அவர் நமக்காக எத்தனை முறை எழுந்தார் என்று பார்த்துவிடலாம்.

மாலை போட்டு வரவேற்பதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. தேர்தலில் நம் முன் வந்து நிற்காத உறுப்பினரை, பதவியில் இருக்கும் காலத்தில்தான் கேள்வி கேட்க முடியும்.